விற்கிறவர் எதற்கு ஸ்கேன் செய்ய வேண்டும்?

குடியாத்தத்தில் இருக்கும் என் சின்னம்மா போன சித்திரையில் தன் தையல் மிஷினை விற்க முடிவு செய்தார். மோட்டார் வைத்த மிஷின், மரப்பலகை, ஸ்டூல் எல்லாம் சேர்த்து. இருபது வருஷம் குனிந்து ஜாக்கெட் தைத்ததில் கழுத்து போய்விட்டது. இனிமேல் மிஷினில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மகன் நாலு போட்டோ எடுத்து, பழைய சாமான் விற்கும் ஒரு ஆப்பில் ஏழாயிரம் ரூபாய் என்று போட்டான். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, போன் வந்துவிட்டது.

"மேடம், நான் ஆர்மி. அரக்கோணம் ராஜாளில போஸ்டிங். மிஸஸுக்கு மிஷின் வேணும். ரேட்லாம் பிரச்சினை இல்ல. இப்பவே அட்வான்ஸ் போட்டுடறேன், சாயங்காலம் நம்ம வண்டி வந்து ஏத்திக்கும்."

தமிழ் நன்றாகவே பேசியிருக்கிறான், கொஞ்சம் வடக்கத்தி வாடையோடு. வாட்ஸாப்பில் சீருடை போட்ட படம், ராணுவ அடையாள அட்டை, கேன்டீன் கார்டு என்று வரிசையாக வந்தன. முதலில் ஐந்து ரூபாய் அனுப்பினான். அது நிஜமாகவே கணக்கில் ஏறியது. "வந்துடுச்சா மேடம்? நம்பிக்கை வந்துச்சா? இப்ப ஒரு க்யூஆர் அனுப்பறேன். ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, 3,500 ஏறிடும்." சின்னம்மா ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டார். 3,500 போய்விட்டது. பதறிக் கேட்டபோது, "ஆர்மி அக்கவுண்ட் அப்படித்தான் மேடம், முதல்ல போய்த்தான் திரும்பும். சர்வர்ல மாட்டிகிச்சு. இப்ப 7,000க்கு ஒண்ணு அனுப்பறேன், ரெண்டும் சேர்ந்து ஒரேயடியா வரும்" என்றிருக்கிறான். போனை வைக்கவே விடவில்லை. அதையும் செய்தார். கணக்கில் மிச்சம் 212 ரூபாய்.

நான் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி ஆகிவிட்டது. சின்னம்மா அந்த மிஷின் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் உறையைக்கூட மிஷின்மேல் மறுபடி போர்த்தவில்லை. "நான் விக்கிறவதானேடா? துட்டு எனக்குத்தானே வரணும்? என்கிட்ட இருந்து எப்படிடா போவும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏமாந்தவர் படிக்காதவர், வெகுளி, ஆசைப்பட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சின்னம்மா ஆசைப்படவில்லை. தன் பொருளுக்குத் தான் சொன்ன விலையை எதிர்பார்த்தார், அவ்வளவுதான். கணக்கிலும் அவர் கெட்டிக்காரர். தெருவில் சீட்டுக் கணக்கு எழுதுவதே அவர்தான். ஆனாலும் விழுந்தார். விற்கிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும் ஒரு பழக்கம் அவரிடமும் இருந்தது. அந்தப் பழக்கத்தின் மேல்தான் இந்த மோசடியைக் கட்டியிருக்கிறார்கள்.

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா போகிற வழியில் பொய்கையில் செவ்வாய்க்கிழமை தோறும் மாட்டுச்சந்தை கூடும். அங்கே போய் நின்று பார்த்தால் ஒன்று புரியும். பயம் முழுக்க வாங்குகிறவர் பக்கம். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார், சுழி பார்ப்பார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போதுகூட அவர் முகத்தில்தான் சந்தேகம் இருக்கும். விற்கிறவருக்கு ஒரே ஒரு ஜாக்கிரதைதான்: துட்டு கைக்கு வராமல் கயிறு கை மாறக் கூடாது. அச்சாரம் என்றாலும் வாங்குகிறவர் கொடுப்பதுதான். விற்கிறவர் அச்சாரம் கொடுத்தார் என்று எந்தச் சந்தையிலும் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

நம் பழக்கம் இந்தச் சந்தையில் உருவானது. ‘பொருள் என் வீட்டில் இருக்கிறது, பணம் வந்தால்தான் கொடுக்கப்போகிறேன், எனக்கு என்ன நஷ்டம்?’ என்று விற்கிறவர் நிம்மதியாக இருக்கிறார். மாடு விற்கும்போது அது சரி. போனில் விற்கும்போது சரியில்லை. பேசுகிறவனுக்கு உங்கள் தையல் மிஷின் தேவையே இல்லை. அந்தப் போனோடு கட்டிவைத்திருக்கும் வங்கிக் கணக்குதான் தேவை. மிஷின் அவனுக்குப் பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு. விளம்பரம் போட்டதன் மூலம் ‘நான் ஒருவரிடம் பணம் வாங்கக் காத்திருக்கிறேன், தெரியாத நம்பரிலிருந்து அழைத்தாலும் எடுப்பேன்’ என்று நீங்களே அறிவித்துவிடுகிறீர்கள். அவனுக்கு அது போதும்.

இனி அந்தப் பணம் போன வழி. போனிலிருந்தே ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும் இந்த யூபிஐ முறை 2016இல் வந்தது. இதை நடத்துவது என்பிசிஐ என்கிற தேசியக் கொடுப்பனவுக் கழகம். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் இரண்டாயிரம் கோடிப் பரிமாற்றங்களை இது தாண்டியது. கீரைக்காரம்மா வரை வந்துவிட்ட இந்த முறையை யாரும் நமக்கு உட்கார்த்திவைத்துச் சொல்லித்தரவில்லை. கடையில் நின்று மற்றவர்களைப் பார்த்துப் பழகினோம். ஸ்கேன், தொகை, பின் நம்பர் என்று நாம் ஆயிரம் தடவை செய்தது எல்லாமே பணம் கொடுக்கும் வேலை. பணம் வாங்குவதற்கு என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம். போன் பையில் கிடந்தாலும் வரும், அணைத்து வைத்திருந்தாலும் கணக்கில் ஏறும். வாங்குவது என்பது யூபிஐயில் ஒரு வேலையே இல்லை. அப்படி ஒரு வேலை இல்லாததால், ‘வாங்குவதற்கு இதைச் செய்யுங்கள்’ என்று ஒருவன் சொன்னால் அதை மறுக்க நமக்கு அனுபவமும் இல்லை. இருந்தாலும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

இதே விஷயத்தை ஒரு டீக்கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். காட்பாடி ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருப்பவர், டீ குடித்தவர் போனிலிருக்கும் க்யூஆரைத் தன் போனால் ஒருநாளாவது ஸ்கேன் செய்திருப்பாரா? அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டிருப்பது அவருடைய க்யூஆர். வருகிறவர்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். அவர் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருப்பார், பெட்டி ‘பத்து ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்தும். கல்லாவில் உட்கார்ந்து பழகியவர்களை இந்த வழியில் ஏமாற்றுவது கஷ்டம். வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மட்டும் விற்கும் நம்மைப் போன்றவர்கள்தான் மாட்டுகிறோம்.

க்யூஆர் கட்டங்களுக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. படிக்கக்கூடிய ஒரே ஒரு வரியைத்தான் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றி வைத்திருக்கிறார்கள். யூபிஐ க்யூஆர் என்றால் அந்த வரி ‘பே’ என்ற கட்டளையோடு தொடங்கும். செலுத்து என்று பொருள். அதை அடுத்து யாருக்குச் செலுத்த வேண்டும் என்கிற முகவரி, பெயர், சில சமயம் தொகை. ‘பெறு’ என்று ஒரு க்யூஆர் இந்த அமைப்பில் கிடையாது. அதனால், அடுத்தவர் அனுப்பிய க்யூஆரை நீங்கள் ஸ்கேன் செய்தால் பணம் போகும் திசை அப்போதே முடிவாகிவிட்டது. அவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தத் திசை மாறாது.

அந்த ஐந்து ரூபாய் எதற்கு? பணம் வரும் என்று காட்டுவதற்கு மட்டும் அல்ல. அது வந்தபோது சின்னம்மா ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்கேனும் இல்லை, பின் நம்பரும் இல்லை. ஐந்து ரூபாய் சும்மா வந்ததென்றால் 3,500 ஏன் சும்மா வரக் கூடாது? இதைக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவன் கேட்க இடம் கொடுக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தான், வேன் கிளம்பிவிட்டது, மேலதிகாரி கூப்பிடுகிறார், இன்னொருவர் மிஷின் பார்த்திருக்கிறார் என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தான். "காதுல இருந்து போனை எடுக்கவே உடலடா, பேசிகினே இருந்தான்" என்றார் சின்னம்மா. போன் காதில் இருக்கும்போது திரையை நிதானமாகப் படிக்க முடியாது. பின் நம்பர் போடும் பக்கத்தில் தொகையும் பெறுபவர் பெயரும் இருக்கும். சின்னம்மா போனில் அது ஆங்கிலத்தில் இருந்தது. பெரும்பாலான ஆப்களில் தமிழுக்கு மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. வீட்டில் அம்மா, அத்தை, தாத்தா வைத்திருக்கும் போன்களில் இன்றைக்கே மாற்றிக் கொடுங்கள். பெறுபவரின் பெயரைப் பொறுத்தவரை, 2025 ஜூன் 30 முதல் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே ஆப் காட்ட வேண்டும் என்பது விதி. ஆர்மி சிங் என்று பேசுகிறவன் அனுப்பிய க்யூஆரில் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் பெயர் வந்தால் அது மட்டுமே போதுமான எச்சரிக்கை.

முன்பெல்லாம் க்யூஆர்கூடத் தேவைப்படவில்லை. ‘கலெக்ட் ரிக்வெஸ்ட்’ என்று ஒன்று இருந்தது. அடுத்தவர் நம்மிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை. அதைப் பணம் வருவதுபோல் காட்டி பின் நம்பர் போடவைப்பார்கள். புகார்கள் குவிந்ததில், தனிநபருக்குத் தனிநபர் இப்படிக் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் அதோடு கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. க்யூஆர் அப்படியே இருக்கிறது.

‘பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம்’ என்று வங்கிகள் வருஷக்கணக்காகச் சொல்லிவருகின்றன. உண்மைதான். ஆனால் இன்றைக்கு அது மட்டும் போதாது. சிறு தொகைகளுக்கென்றே உள்ள யூபிஐ லைட் வைத்திருந்தால் ஆயிரம் ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே போகும். 2025 அக்டோபரிலிருந்து பின் நம்பருக்குப் பதில் கைரேகை வைத்தும் முகம் காட்டியும் சிறு தொகைகளை அனுப்பும் வசதி வந்திருக்கிறது. ‘பின் நம்பரே கேட்க மாட்டேன் மேடம், சும்மா விரல் மட்டும் வைங்க’ என்று ஒருவன் சொல்லும் காலம் இது. அதனால் நான் வீட்டில் வேறு மாதிரி சொல்லிவைத்திருக்கிறேன்: விற்கும்போது நம் போனில் ஒன்றையும் தொடக் கூடாது. நம் க்யூஆரைக் காட்டுவோம், அல்லது நம்பரைக் கொடுப்போம். செய்ய வேண்டியதெல்லாம் வாங்குகிறவர் போனில்.

இனி அந்த ராணுவ வேஷம். இது நாடு முழுக்க நடக்கும் தந்திரம்தான், ஆனால் வட ஆற்காட்டில் இது எடுபடுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. இது பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த மண். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்து, 2019இல் வேலூரும் மூன்றாகி, அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்கே ராஜாளி என்கிற கடற்படைத் தளம் இருப்பதும், தக்கோலத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருப்பதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ‘ராஜாளில இருந்து பேசறேன்’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. நைனா பட்டாளத்தில் இருந்தவர், அண்ணன் மகன் காஷ்மீரில் இருக்கிறான் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும்போது, ராணுவக்காரர் என்றால் விசாரிப்பதே மரியாதைக் குறைவு என்று தோன்றிவிடுகிறது. அந்த மரியாதையைத்தான் அவன் திருடுகிறான். எனக்குப் பணத்தைவிட அதிகக் கோபம் அதில்தான்.

சின்னம்மா போனில் இருந்த அந்த அட்டையை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். தரைப்படை அட்டை. ராஜாளியோ கடற்படையின் விமானத் தளம். அட்டையில் இருந்த முகமும் வாட்ஸாப் படத்தில் இருந்த முகமும் ஒன்றில்லை. இன்னொருவரிடம் வேறு ஏதோ சாக்கில் வாங்கிய அட்டையாக இருக்கலாம். அந்த ஜவானும் ஏமாந்தவராகவே இருக்கக் கூடும். படையில் இருக்கும் யாரும் தன் அடையாள அட்டையையும் கேன்டீன் கார்டையும் முகம் தெரியாதவருக்கு வாட்ஸாப்பில் அனுப்ப மாட்டார், அனுப்பவும் கூடாது. ராணுவத்தினருக்குப் ‘போய்த் திரும்பும்’ தனி வங்கிக் கணக்கு எதுவும் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே சேமிப்புக் கணக்குதான்.

வேலூர் நகரில் இன்னொரு சங்கடம் உண்டு. இந்தியும் வங்காளமும் பேசும் முன்பின் தெரியாத ஒருவர் நிஜமாகவே நம்மிடம் பொருள் வாங்க வரக்கூடிய ஊர் இது. சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம் பக்கம் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் பழைய கேஸ் அடுப்பும் கட்டிலும் தேடுவார்கள். விஐடியில் படிக்கும் பிள்ளைகள் கடைசி செமஸ்டர் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது ஏர்கூலர், சைக்கிள், மெத்தை என்று காட்பாடி முழுக்க விற்பனைக்கு வரும். வாங்குகிறவர்களும் நாலா திசையிலிருந்தும் வந்த மாணவர்கள்தான். அதனால் ‘இந்தி பேசினால் மோசடி’ என்று முடிவு கட்டுவது தப்பு, நியாயமும் இல்லை. மொழியை வைத்துப் பார்க்காதீர்கள். ஆள் வந்து பொருளைப் பார்க்கிறாரா என்று பாருங்கள். நிஜமாக வாங்குகிறவர் கேள்வி கேட்பார். எத்தனை வருஷம் ஆச்சு, மோட்டார் மாத்தினீங்களா, ஐநூறு குறைச்சுக்கக் கூடாதா என்பார். பேரம் பேசாமல் ஏழாயிரத்துக்குச் சரி என்று சொல்லி, பார்க்காமலே முன்பணம் தருகிறேன் என்பவர், பொய்கைச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாடு பிடிக்க வந்தவர் போல.

நேரில் வந்தாலும் கண் மூடிவிடக் கூடாது. பணம் அனுப்பியதுபோலப் பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. தொகை, உங்கள் பெயர், நேரம் எல்லாம் அச்சு அசலாக வரும். ஏர்கூலரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வங்கி அனுப்பியது போன்ற எஸ்எம்எஸ்ஸும் வரும். வங்கிச் செய்தி பத்து இலக்கக் கைப்பேசி நம்பரிலிருந்து வராது என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அவர் திரையையும் நம்பாதீர்கள், உங்களுக்கு வந்த செய்தியையும் நம்பாதீர்கள். உங்கள் ஆப்பைத் திறந்து கணக்கில் மொத்த இருப்பு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். நல்லவர் காத்திருப்பார். ‘கூட அனுப்பிட்டேன், 700க்குப் பதிலா 7,000 போட்டுட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க, ஆஸ்பத்திரியில இருக்கேன்’ என்று அழுகிற வகையும் இதே பொய்ச் செய்தியை நம்பித்தான் ஓடுகிறது. கூரியர் கட்டணம், இன்சூரன்ஸ் என்று லிங்க் அனுப்பினாலோ, ஏதாவது ஆப்பை இறக்கச் சொன்னாலோ, திரையைப் பகிரச் சொன்னாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அவற்றைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது முக்கோண மோசடி. பைக் விற்கிறவர்களுக்கு இது அவசியம். சத்துவாச்சாரியில் ஒருவர் தன் டிஎன் 23 வண்டியை 45,000க்கு விளம்பரம் போடுகிறார் என்று வையுங்கள். ஒருவன் அந்தப் படங்களை எடுத்துத் தன் வண்டி போல 30,000க்கு வேறிடத்தில் போடுகிறான். ஆரணியிலிருந்து ஒருவர் ஆசைப்பட்டுக் கூப்பிடுகிறார். நடுவில் இருப்பவன் விற்கிறவரிடம், ‘நான் எடுத்துக்கறேன் அண்ணா, என் தம்பி வந்து வண்டி பார்ப்பான், அவன்கிட்ட விலை மட்டும் பேசாதீங்க, அவன் எனக்குத் தர வேண்டிய கணக்கு ஒண்ணு இருக்கு’ என்பான். வாங்குகிறவரிடம், ‘வண்டி என் மச்சான் வீட்டில நிக்குது, அவர்கிட்ட விலை கேக்காதீங்க, குடும்பத்துல கொஞ்சம் மனஸ்தாபம்’ என்பான். இருவரும் நேரில் சந்திப்பார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார்கள். ஆர்சி புக்கைக்கூடப் பார்ப்பார்கள். வாங்குகிறவருக்குத் திருப்தி, அங்கேயே நின்று 30,000ஐ நடுவில் இருப்பவனுக்கு அனுப்புவார். அப்புறம் சாவியைக் கேட்பார். இவர், பணம் எங்கே என்பார். ஒரு வண்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு நேர்மையான மனிதர்கள் ஒருவரை ஒருவர் திருடன் என்று திட்டிக்கொண்டு நிற்பார்கள். திருடன் போன் அதற்குள் அணைந்திருக்கும்.

இதை உடைக்க ஒரே வழி, எதைப் பேசக் கூடாது என்று அவன் கேட்டுக்கொண்டானோ அதையே பேசிவிடுவது. நேரில் வந்து நிற்பவரிடம் முதல் வார்த்தையாகக் கேளுங்கள்: "உங்ககிட்ட என்ன விலை சொன்னாங்க? துட்டு யாருக்கு அனுப்பப் போறீங்க?" வண்டி என்றால் படிவம் 29, 30இல் கையெழுத்திட்டு ஆர்டிஓவில் பெயர் மாற்றம் முடியும்வரை பொறுப்பு உங்கள் தலையில்தான் என்பதையும் மறக்காதீர்கள்.

இந்த முக்கோணத்துக்கே இன்னொரு முகம் இருக்கிறது. பணம் உண்மையாகவே உங்கள் கணக்குக்கு வந்துவிடும். ஆனால் அது எங்கேயோ வேறொருவரை ஏமாற்றி அனுப்பவைத்த பணம். நீங்கள் பொருளைக் கொடுத்துவிடுவீர்கள். சில வாரம் கழித்து ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போனால் கணக்கு முடங்கியிருக்கும். வேறு மாநில சைபர் போலீசார் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது வழியில் இருக்கும் கணக்குகளை எல்லாம் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். நீங்கள் குற்றவாளி இல்லை என்று விளக்க வேண்டிய வேலை உங்களுடையது. இதனால்தான் பணம் அனுப்பியவர் பெயரும் எதிரில் நிற்பவர் பெயரும் ஒன்றா என்று பார்க்கச் சொல்கிறேன். ‘ஃப்ரெண்ட் அனுப்புவான்’ என்றால் வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிடலாம். விளம்பரத்தையும் வாட்ஸாப் பேச்சையும் விற்ற பிறகு ஒரு வருஷமாவது அழிக்காமல் வைத்திருங்கள். பின்னால் ஒருநாள் அதுதான் சாட்சி.

ஏமாந்த பிறகு என்ன செய்வது என்பதில் மணித்துளிகள்தான் கணக்கு. சின்னம்மாவுக்குப் பணம் போனது பகல் பன்னிரண்டு மணி வாக்கில். மகன் திட்டுவான் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அவன் வந்து, விஷயம் தெரிந்து, பயந்தபடியே கத்தினான். சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்கு நாங்கள் பேசியபோது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. ஒன்பது மணி நேரம். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது. இன்னொன்று, அதிலிருந்து நாலு என்று பிரிந்து ஏதோ ஒரு ஊர் ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடும். 1930 அழைப்பின் வேலையே அந்த ஓட்டத்தை வழியில் மறிப்பதுதான். 2021 ஏப்ரலில் 155260 என்ற நம்பரில் தொடங்கி, பிறகு 1930 ஆன இந்த ஏற்பாட்டில் வங்கிகளும் காவல்துறையும் ஒரே வலையில் இருக்கின்றன. புகார் பதிவானதும் பணம் நிற்கும் வங்கிக்குத் தகவல் போய் அங்கே இருப்பது நிறுத்திவைக்கப்படும். சின்னம்மாவின் 10,500இல் 1,800 மட்டும் அப்படி மாட்டியது. பகல் ஒரு மணிக்கே சொல்லியிருந்தால் இன்னும் அதிகம் மாட்டியிருக்கும் என்று நான் நம்புகிறேன். அதனால் வீட்டில் யாராவது ஏமாந்து வந்து சொன்னால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டுவீர்கள் என்ற பயம்தான் அந்த ஒன்பது மணி நேரத்தைத் தின்றது.

பேசும்போது கையில் வைத்திருக்க வேண்டியது: பணம் போன நேரம், தொகை, ஆப்பில் ‘யூடிஆர்’ என்று காட்டும் பன்னிரண்டு இலக்க எண், அவன் நம்பர், அவனுடைய யூபிஐ முகவரி. மத்திய அரசின் தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் அதே புகாரைப் பதியலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். நிறுத்திவைக்கப்பட்ட பணம் உடனே கைக்கு வந்துவிடாது. சில சமயம் நீதிமன்ற உத்தரவும் தேவைப்படும். சட்டத்தில் இது சாதாரணக் குற்றம் இல்லை. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவும் சேரும்.

வங்கியில் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கைப்படி, வங்கியின் மேலும் உங்கள் மேலும் தவறில்லாமல் வெளியே நடந்த கோளாறில் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் பின் நம்பரை நீங்களே போட்டிருந்தால் அது நீங்கள் ஒப்புதல் கொடுத்த பரிமாற்றம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஏமாற்றிப் போடவைத்ததும் தெரிந்து போட்டதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அது நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனால் வங்கிகள் வழக்கமாகச் சொல்வது அதுதான், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யான தைரியம் கொடுத்தவன் ஆவேன். வங்கி நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள், பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறமோ இருக்கும் நம்பரையே பாருங்கள். தேடலில் வரும் ‘கஸ்டமர் கேர்’ நம்பர்களிலும் இவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பணத்தை மீட்டுத் தருகிறேன், இரண்டாயிரம் கட்டுங்கள் என்று பிறகு பேசுகிறவனும் அதே கூட்டம்தான். புகார் கொடுத்த மூன்றாம் நாளே சின்னம்மாவுக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தது. இந்தத் தடவை அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

மிஷின் ஆடியில்தான் விற்றது. ஆப்பில் இல்லை, தெருமுனை மளிகைக் கடையில் ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். நெல்லூர்ப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள், டைலரிங் கிளாஸ் முடித்தவள், கூடவே அவள் அம்மா. பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து மடித்து, ஊசிக்கடியில் வைத்து நேராக ஒரு கோடு ஓட்டினாள். நூல் இழுக்கிறது என்று டென்ஷன் திருகைத் திருப்பி இன்னொரு கோடு ஓட்டினாள். பாபின் பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள். பெல்ட் தேய்ந்திருக்கிறது, ஐநூறு குறையுங்கள் என்றாள். சின்னம்மா முந்நூறு குறைத்தார். 6,700க்கு முடிந்தது. ஜிபே பண்ணட்டுமா ஆன்ட்டி என்று அவள் கேட்டதும் சின்னம்மா உள்ளே போய், மகன் அச்சடித்து ஒட்டிக்கொடுத்த தன் க்யூஆர் அட்டையை எடுத்துவந்து மிஷின் பலகைமேல் நிமிர்த்தி வைத்தார். தன் போனை ஸ்டூலில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "நீ ஸ்கேன் பண்ணும்மா" என்றார். கவிழ்த்த போன் ‘டிங்’ என்றது. அப்புறம்தான் அதை எடுத்தார். இருப்பைத் திறந்து, விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு, வாய்விட்டு இரண்டு முறை படித்துவிட்டு மிஷினின் உறையை மடித்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.